வலப்பக்க நட்டில் ஒரு சிவப்புக் கோடு

சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்குகிற எவரும் அதைச் சோதிக்காமல் ஏறி மிதிக்கக் கூடாது. சீட்டுப் பையில் நாலு சாமான் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். எவரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, தான் வேலையில் சேர்ந்த நாளின் கதையைத் தொடங்கிவிடுவாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் சொல்லும் கதையில் நான்கு தவறுகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்துவதற்காகவாவது நானே எழுதிவிடுகிறேன்.

நான் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வந்து போவதால் நாளொன்றுக்கு நான்கு தடவை சைக்கிள் மிதித்தேன். பழுது பார்க்கிறவர்கள் எனக்குச் செய்த கொடுமைகள் கொஞ்சமல்ல. ஒரு கடையில் பிரேக் கட்டையைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்தார்கள். இன்னொரு கடையில் பெல்லின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "அது வரும்போதே இல்லையே" என்றார்கள். மற்றொருவர் பஞ்சர் ஒட்டித் தந்தார்; ட்யூபைக் குத்திய கருவேல முள்ளை டயருக்குள்ளேயே விட்டுவிட்டார். மறுநாள் அதே முள் அதே இடத்தில் குத்தியது. ஆகவே கடையிலிருந்து வண்டி வந்ததும் பதினான்கு இடங்களைச் சோதிப்பது என் வழக்கமாயிற்று. சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையில் ஒன்பது சாமான்கள் வைத்திருந்தேன். ஸ்பானர், திருப்புளி, டயர் கழற்றும் தகடு இரண்டு, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், உப்புத்தாள், ஒட்டு ரப்பர், காற்று வால்வுக்குப் போடும் வால்டியூப் துண்டு, கந்தல் துணி. தினமும் காலையில் எண்ணிவிட்டுத்தான் கிளம்புவேன்.

கடைசியில் நாகல் நகரில் ஒரு பாயின் கடைக்கு வந்து சேர்ந்தேன். நல்ல வேலைக்காரர், மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். வாடகை சைக்கிள்களுக்கு நம்பர் எழுதும் சிவப்புப் பெயிண்டைத் தீக்குச்சியில் தொட்டு, முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும், அச்சின் நுனியிலிருந்து நட்டின் விளிம்பு வரை ஒரு கோடு இழுத்துவிடுவார்.

"கோடு நேரா இருக்குற வரைக்கும் நட்டு அசையலேன்னு அர்த்தம் சார். நீங்க நிம்மதியாப் போகலாம்" என்பார்.

பெயிண்ட் அடித்தால் மனிதனுக்கு நிம்மதி வந்துவிடுமா? நட்டு இறுகியிருக்கிறதா என்று அறிய, அதை அரைச் சுற்றுத் தளர்த்திப் பார்த்து மறுபடி முறுக்குவதுதான் வழி என்பது என் கொள்கை. தளர்வதற்கு எவ்வளவு பலம் கேட்கிறதோ அவ்வளவு இறுக்கம் இருந்தது என்று பொருள். அவர் கண் முன்னால் செய்தால் முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் வைத்துச் செய்வேன். இப்படி ஆறு வருடம் நடந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதினோரு வருடம் காத்திருந்த என் மனைவிக்கு ஆசிரியை உத்தரவு வந்தது. நத்தம் சாலையில் பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமப் பள்ளி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் தலைமையாசிரியர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. இன்னொரு பதினோரு வருடம் காத்திருக்க யாரால் முடியும்?

அந்த ஊருக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். நான் முந்தைய வாரம் ஐந்து நாள் நின்று பார்த்தேன். இரண்டு நாள் அது வரவில்லை. ஐந்துக்கு இரண்டு! சைக்கிளில் போவதென்று நான் முடிவு செய்தேன்.

"பஸ்லயே போயிருவோமுங்க. சேலை கசங்காமப் போய் இறங்கலாம்ல" என்றாள்.

"சேலை கசங்கினால் வேலை போகாது, பஸ் வராவிட்டால் போகும்" என்றேன்.

சனிக்கிழமை வண்டியைப் பாயிடம், முழுவதும் கழற்றி மாட்டும் ஓவராயிலுக்கு விட்டேன். ஞாயிறு மாலை எடுத்துவந்து கொல்லையில் நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டு இடங்கள் முடிந்தன. பதின்மூன்றாவது, பின்சக்கரத்தின் வலப்பக்க நட்டு. ஸ்பானரைப் போட்டுத் தளர்த்தினேன். நன்றாகவே இறுகியிருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவள் அலறினாள்.

"ஏங்க! சர்டிபிகேட்டு பதினொண்ணுதான் இருக்கு! பன்னெண்டுன்னு சொன்னீகளே!"

ஓடினேன். பன்னிரண்டாவது, தலையணை உறைக்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே வைத்திருந்தேன். அதன் பிறகு அந்தப் பன்னிரண்டையும் படுக்கப் போவதற்குள் மூன்று தடவை எண்ணினேன், காலையில் எழுந்து இரண்டு தடவை எண்ணினேன். சைக்கிள் பையை எண்ணவில்லை.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். கேரியரில் மடித்த போர்வையைப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சான்றிதழ்ப் பை, கையில் செபமாலை. செபமாலையின் முதல் பத்து மணிகளை அவள் உருட்டி முடித்த இடத்தில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று.

"காலியாப் போகுது" என்றாள்.

காலியாகப் போகவில்லை. ஏழு பேர் இருந்தார்கள். இது அவள் கதையின் முதல் தவறு.

செபமாலையின் மூன்றாவது பத்தை அவள் உருட்டும்போது சிறு மேடு வந்தது. எழுந்து நின்று அழுத்தி மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம். பின்சக்கரம் வலப்பக்கம் முன்னே இழுபட்டு, டயர் இடப்பக்கச் சட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது. நட்டைத் தொட்டேன், விரலாலேயே சுற்றியது.

"பார்த்தாயா அந்த ஆளுடைய வேலையை!" என்று கத்தினேன். "கோடு போட்டானாம் கோடு!"

"கோவத்தப் பெறகு வச்சுக்கங்க. ஸ்பானரை எடுங்க மொதல்ல."

பையைத் திறந்தேன். எட்டுச் சாமான்கள் இருந்தன. போர்வையை விரித்துக் கொட்டி மறுபடி எண்ணினேன். எட்டுதான். எதை வைத்து முறுக்க? சொல்யூஷனை வைத்தா?

"ஒம்போது வருசமாச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சீக. இன்னைக்கு ஒருநாத்தான் வேணும். இன்னைக்குப் பாத்து இல்ல" என்றாள். மணி எட்டு நாற்பது. இன்னும் ஆறு கிலோமீட்டர். நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும், பத்தைத் தாண்டிவிடும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நத்தம் பக்கம் பார்த்தபடி செபமாலையைப் பைக்குள் வைத்தாள்.

அப்போது, மாங்காய் ஏற்றப் போகும் டிராக்டர் ஒன்று வெறும் கூடைகளோடு வந்தது. அவளே சாலை நடுவில் போய் நின்று கையைக் காட்டினாள்.

"அண்ணே, ஸ்பானர் இருக்கா?"

டிரைவர் இறங்கித் தன் பெட்டியைக் கொட்டினார். எல்லாமே என் நட்டுக்குப் பெரியவை. "இது டிராக்டருக்கு உள்ளதும்மா. சைக்கிளுக்கு எங்கிட்டுப் போறது? எம்புட்டுத் தூரம் போகணும்?"

ஊரைச் சொன்னாள், காரணத்தையும் சொன்னாள்.

"அட, அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாத்தான போறேன்! ஏறுங்க டீச்சர். சாரும் வாரீகளா?"

"சார் வண்டியப் பாத்துக்குவாரு" என்று எனக்கு முன்னால் அவள் பதில் சொல்லிவிட்டாள். கூடைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் அங்கேயே கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு நின்றதாக அவள் சொல்வது இரண்டாவது தவறு. நான் ஆட்டியது கந்தல் துணி. அதுவும் அவள் போர்வையை மறந்துவிட்டுப் போகிறாள் என்பதற்காக.

சக்கரத்தைக் கையால் நடுவில் இழுத்து வைத்து எங்கள் ஊரைப் பார்த்துத் தள்ளினேன். முன்னூறு அடிக்கு ஒரு முறை அது மறுபடி ஒட்டிக்கொண்டது. சாலை வேலைக்குப் பள்ளம் தோண்டியிருந்த ஓர் இடத்தில் மட்டும் வண்டியைத் தோளில் தூக்கினேன். அவள் சொல்வதுபோல் தலையில் அல்ல. இது மூன்றாவது தவறு. அவள் போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று தெரியாமல் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். தெரியாததற்கெல்லாம் சேர்த்துப் பாயின் மேல் கோபம் ஏறியது.

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "பதினோரு வருடம் காத்திருந்த வேலை! உம்முடைய ஒரு நட்டால் போய்விட்டால் யார் பதில் சொல்வது?"

பாய் வண்டியை வாங்கி நிறுத்தினார். வலப்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு இடப்பக்கம் போய்ப் பார்த்தார். மற்றவர்கள் காதில் விழும்படி, "தப்புதான் சார், இன்னும் இறுக்கியிருக்கணும்" என்றார். ஸ்பானரோடு என் பக்கத்தில் குனிந்தபோது குரலைத் தாழ்த்தினார்.

"எப்பவும் உங்க வண்டி திரும்பி வந்தா ரெண்டு பக்கமும் கோடு வெலகித்தான் இருக்கும். நான் கேக்குறதில்ல. இந்தத் தடவ வலது பக்கம் வெலகியிருக்கு, இடது பக்கம் நேரா இருக்கு. நடுவுல யாராச்சும் கூப்பிட்டாகளா சார்?"

குனிந்து பார்த்தேன். இடப்பக்கக் கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. என் ஸ்பானர் கொல்லை ஜன்னல் விளிம்பில் இருப்பது அப்போதுதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அந்த ஆறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் நட்டை முறுக்கி முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலை பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். அதே பஸ்தான், நேரத்துக்கு வந்தது. ஒன்பதே காலுக்குக் கையெழுத்துப் போட்டதாகவும், பத்து மணி முதல் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்ததாகவும் சொன்னாள். சேலையில் மாம்பால் கறை இருந்தது. அதைப் பற்றி அவளே பேசாதபோது நான் ஏன் பேச வேண்டும்?

மறுநாள் காலை அலுவலகம் போகுமுன் பாயின் கடைக்குப் போனேன். திட்டியது ஆறு பேர் முன்னால்; உண்மையையும் ஆறு பேர் முன்னால் சொல்வதே முறை. அரை மணி நேரம் நின்றும் ஒருவர்தான் வந்தார், அவரும் காற்றடிக்க வந்த வெளியூர்க்காரர். வேறு வழியில்லாமல் அவரை நிறுத்தி வைத்து, "அந்த நட்டைத் தளர்த்தியது நான்தான் பாய்" என்று உரக்கச் சொன்னேன். வெளியூர்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பம்பை எடுத்துக்கொண்டார்.

"அத விடுங்க சார்" என்றார் பாய். "டீச்சர் சேந்துட்டாகளா?"

"சேர்ந்துவிட்டாள்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். டீ சொல்லி அனுப்பினார்.

நான் இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதுதான் அவள் கதையின் நான்காவது தவறு. ஒப்புக்கொண்டேன். சாட்சி ஒருவர் இருந்தார். அவர் எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளாதது மட்டும்தான் என் பிழை.