மூடி இல்லாமல் வந்தது, மூடியோடு போனது

எங்கள் வணிக வளாகத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை உண்டு. அறை என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். உள்ளே ஒருவர் நின்றால் இன்னொருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வளாகம் திறந்த மூன்று வருடத்தில் அங்கே மூன்று கடைகள் வந்து போயின. வாசனைத் தைலம் விற்றவர் இரண்டு மாதம் இருந்தார். வாழ்த்து அட்டை விற்றவர் ஒரு மாதம். கண்ணாடித் தொட்டியில் அலங்கார மீன் விற்றவர் மட்டும் ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார். அதுவும் மீன்களைக் கொண்டுபோக வேறு இடம் கிடைக்காததால்தான்.

அந்த அறைக்கு நேர் எதிரே என் கடை. புதிதாக வாங்கிய உடைகளை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துக் கொடுப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என் வேலை. தையல் இயந்திரத்துக்கு முன் உட்கார்ந்தால் பார்வை நேராக அந்த அறையில்தான் போய் விழும். நான்காவதாக ஒரு பெண் வந்து அதன் ஷட்டரைத் தூக்கியபோது, நான் மனதுக்குள் ஒரு மாதம் கொடுத்தேன். பலகையைப் பார்த்ததும் அதையும் பாதியாகக் குறைத்தேன்.

பலகையில், "இங்கு மூடிகள் கிடைக்கும்" என்று இருந்தது.

"என்ன மூடிம்மா?" என்று கேட்டேன்.

"எல்லா மூடியும்தான் அண்ணே. பிளாஸ்க், குக்கர், மிக்சி ஜார், டப்பா, தண்ணி பாட்டில். கைப்பிடி, ரப்பர் வளையம், திருகும் உண்டு."

"பாத்திரம்?"

"பாத்திரம் அவங்க வீட்ல இருக்குமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஸ்டூலில் ஏறி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வயது நாற்பத்தைந்து இருக்கும். வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். பெரிய சாலையில் மூன்று மாடி வீட்டுச் சாமான் கடை ஒன்று இருக்கிறது. அதன் புகார் கவுண்டரில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தவள் இவள். மிக்சி ஜார் மூடி உடைந்துவிட்டது, பிளாஸ்க் மூடி தொலைந்துவிட்டது, குக்கர் கைப்பிடி கழன்றுவிட்டது என்று தினமும் ஜனங்கள் வருவார்கள். "அது தனியா வராதுங்க, புதுசுதான் வாங்கணும்" என்று சொல்லி அனுப்புவதுதான் அவள் வேலை. சொல்லிவிட்டு, கேட்ட பொருளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். எதற்கு எழுதினாள் என்று கேட்டதற்கு, "மனசு கேக்கல அண்ணே. நல்ல பாத்திரத்தைத் தூக்கிப் போடச் சொல்றோமேன்னு இருக்கும்" என்றாள்.

நோட்டு ஒன்பது ஆனபோது வேலையை விட்டாள். நாத்தனார் கைகொட்டிச் சிரித்தாராம். கூட வேலை பார்த்தவர்கள் விடைகொடுக்கும்போதே, "இடம் காலியாத்தான் இருக்கும், வந்துடு" என்றார்களாம். ஆனால் அடுத்த வாரமே அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டாள். ஆக, திரும்பிப் போக வழி இல்லை. படிக்கு அடியிலிருந்த இந்த ஒரு பொந்துதான் அவளுக்கு எல்லாம்.

அதுவும் சும்மா கிடைக்கவில்லை. மூன்று மாதம் பரீட்சை. எங்கள் வளாக மேலாளர் எண்ணிக்கைப் பைத்தியம். நான்காவது மாடியில் உட்கார்ந்திருப்பார். தனி லிஃப்டில் ஏறித் தனி லிஃப்டில் இறங்குவார். வணக்கம் சொன்னால்கூட, இன்று இது எத்தனையாவது வணக்கம் என்று கேட்கிற ரகம். ஒவ்வொரு கடையின் நிலைவாசலிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கண் பொருத்தியிருக்கிறார். உள்ளே நுழைகிற தலைகளை அது எண்ணும். போதுமான தலை விழாத கடை இடத்தைக் காலி செய்ய வேண்டும். படிக்கு அடி அறைக்கு ஏற்கெனவே ஒரு செல்போன் உறைக் கம்பெனி துண்டு போட்டு வைத்திருந்தது.

முதல் வாரம் ஈ ஓட்டினாள். இரண்டாம் வாரம் ஒரு அம்மா வந்து, இரண்டு கையையும் வட்டமாக வைத்து, "இவ்ளோ பெருசு இருக்கும்" என்று மூடி கேட்டார். கொடுத்தாள். பொருந்தவில்லை என்று மறுநாள் திரும்ப வந்தார். மறுபடி கையை வட்டமாக வைத்தார். இந்த முறை வட்டம் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. மூன்றாவது தடவையும் இப்படியே ஆனதும், பலகையின் கீழே ஒரு வரி சேர்த்தாள்: "பாத்திரம் இல்லாமல் வராதீர்கள்."

வாடிக்கையாளரை வராதே என்று எழுதி வைத்த ஒரே கடை உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். ஆனால் அந்த வரிதான் அவளைத் தூக்கிவிட்டது. ஜனங்கள் மொட்டைக் குக்கரையும் வாய் திறந்த பிளாஸ்க்கையும் கையில் ஏந்திக்கொண்டு பேருந்தில் ஏறினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் சும்மா இருப்பாரா? எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். கேட்டவர் வீட்டிலும் மூடி இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. யார் வீட்டில்தான் இல்லை?

அவள் வியாபாரம் செய்கிற அழகே தனி. அலமாரியில் கையை விட்டு மூன்று மூடி எடுப்பாள். ஒன்று கட்டாயம் பொருந்தும். உடைசல் வாங்குகிறவர்களிடம் சொல்லிவைத்து, பாத்திரம் நசுங்கி மூடி மட்டும் தப்பித்த சாமான்களை எல்லாம் பொறுக்கி வைத்திருந்தாள். பிளாஸ்க் என்றால், தண்ணீர் ஊற்றி மூடித் தன் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பிடிப்பாள். "ஒழுகுதா பாருங்க" என்பாள். ஒரு நாளும் நனையவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை நன்றாக நனைந்தாள். அந்த இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லியே ஆளுக்கு இருபது பேரைக் கூட்டி வந்தார்கள்.

இரண்டாம் மாதத்தில் வரிசை என் கடை வாசலைத் தொட்டது. சும்மா நிற்பானேன் என்று பலர் என்னிடம் பேன்ட் நீளம் குறைத்துக்கொண்டார்கள். அவள் பெயர் மூடியக்கா ஆயிற்று. கடை ஓடுகிறது, இனிக் கவலையில்லை என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

எண்பத்து நாலாம் நாள் காலை மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது. அவள் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "தங்கள் கடையில் இதுவரை நுழைந்தவர்கள்: முந்நூற்று எண்பத்தெட்டு. போதாது. தொண்ணூறாம் நாள் மாலைக்குள் அறையை ஒப்படைக்கவும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் எழுபது எண்பது பேர் வருகிறார்களே! பிறகுதான் நிலைவாசலை நிமிர்ந்து பார்த்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அறைக்குள் யார் நுழைய முடியும்? மேசையை வாசலிலேயே போட்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் வெளியே நடையில் நின்றே வாங்கிப் போனார்கள். கறுப்புக் கண் எண்பத்து நாலு நாளாக எண்ணிக்கொண்டிருந்தது அவள் ஒருத்தியைத்தான். காலையில் வருவது, சாப்பிட்டுவிட்டு வருவது, கை கழுவிவிட்டு வருவது. மிச்சம் இருந்த பத்துப் பதினைந்து அவள் வீட்டுக்காரர்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "மறுபடியும் எங்கயாவது ஒரு கவுண்டர்ல உக்காந்து, இல்ல இல்லன்னு சொல்லணுமா அண்ணே?" என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து போய், மேசையை நகர்த்தி, அவள் கடைக்குள் நுழைந்தேன், வெளியே வந்தேன், நுழைந்தேன், வந்தேன். முப்பது தடவை இருக்கும். மூச்சு வாங்கியது. வரிசையில் நின்றவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள்.

"அண்ணே, நிறுத்துங்க! கள்ளக் கணக்கு வேணாம். நெஜமா வந்தவங்க இருக்காங்க, அதைக் காட்ட வழி தெரியல, அவ்ளோதான்" என்று அதட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் காவல்காரி வந்தாள். வெளியிலிருந்து பொருள் கொண்டுவந்தால் அவளிடம் பதிந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போகும்போது திருட்டுப் பட்டம் வரக்கூடாதே என்று வளாகத்தில் அப்படி ஒரு விதி. அவள் வந்ததே சண்டை போடத்தான். "அக்கா, உன்னால எனக்கு நாலாவது ரெஜிஸ்தரும் தீர்ந்துபோச்சு. எழுதி எழுதிக் கை வீங்கிருச்சு. ஆபீஸ்ல வேற, இவ்ளோ நோட்டு எதுக்குன்னு திட்டுறாங்க."

"நாலு ரெஜிஸ்தரா? அப்படி என்ன எழுதுற?" என்றேன்.

"பின்ன? ஒருத்தர் குக்கரைக் கொண்டாந்து, மூடி இருந்துச்சு, நீதான் தொலைச்சுட்டேன்னு சண்டைக்கு வந்தாரு. அன்னியிலேருந்து எல்லாத்தையும் எழுதிடுறேன்."

நோட்டை விரித்துக் காட்டினாள். பேர், போன் நம்பர், பொருள். பிறகு அவளுடைய கோணல் கையெழுத்தில் இரண்டு கட்டம். வரும்போது, "மூடி இல்லாமல் வந்தது". போகும்போது, "மூடியோடு போனது". பக்கம் பக்கமாக அதே.

மூடியக்கா அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் மதியம் மூன்று பேரும் உட்கார்ந்து எண்ணினோம். நான் துணி அளக்கிற அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தினேன். நாலாயிரத்து எழுநூற்றுப் பதினாறு பேர்.

நாலாவது மாடிக்கு நானும் கூடப் போனேன். மேலாளர் நான்கு பதிவேடுகளையும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். "இதெல்லாம் கையால எழுதினது. லெட்டர் அனுப்புறப்ப மெஷின் கணக்குல முந்நூத்தி எண்பத்தெட்டுதான் இருந்தது. இதை நான் எப்படிம்மா நம்புறது?"

அவள் அசரவில்லை. "நம்ப வேணாம் சார். நம்பர் இருக்கு. நீங்களே எந்தப் பக்கத்தையாவது தொறந்து, யாருக்காவது போன் போடுங்க."

மேலாளருக்கு இது பிடித்திருந்தது போலும். இரண்டாவது நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி, எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். வளாகத்திலிருந்து என்றதுமே எதிர்முனை ஆண்குரல், "மூடியக்கா கடையா? என் ரெண்டாவது குக்கருக்குக் கைப்பிடி வந்துடுச்சா?" என்று கேட்டது. வேறு நோட்டு, வேறு எண். ஒரு கிழவர் தன் பிளாஸ்க்கின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்; பேச்சை வெட்டுவதற்குள் மேலாளருக்கு வேர்த்துவிட்டது.

மூன்றாவது எண்ணில் ஒரு பெண். "அந்தக் கடையைக் காலி பண்ணச் சொல்லியிருக்கோம், அது சம்பந்தமா..." என்று மேலாளர் இழுத்ததுதான் தாமதம்.

"என்னது? காலி பண்ணச் சொன்னீங்களா? உங்க வளாகத்துக்குள்ள நான் கால் வெச்சதே அவங்களுக்காகத்தான். அன்னிக்கு மேல ஏறிச் செருப்பு வாங்கினேன், பையனுக்குச் சட்டை வாங்கினேன், கண்ணாடிக்கு ஃபிரேம் மாத்தினேன். அவங்க எங்க போறாங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் அங்க போய்க்கிறேன்!"

மேலாளர் கணினியைத் திறந்து எதையோ தேடினார். எல்லா மாடிக் கடைகளிலும் இரண்டாம் மாதத்திலிருந்து தலை கூடியிருந்தது. காரணம் தெரியாமல் அதற்கு இவரே மேலிடத்தில் பாராட்டு வாங்கியிருந்தாராம். நல்ல மனிதர், அதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு செல்போன் உறைக் கம்பெனியின் மனுவை எடுத்து அடியில் வைத்துவிட்டு, மூன்று வருட ஒப்பந்தத்தை அச்சடித்து நீட்டினார். "நடையில வரிசை நிக்குற இடத்தையும் உங்க பேர்லயே சேர்த்துடறேன் மேடம்."

"அங்க உக்கார ஒரு பெஞ்சும் வேணும் சார். பெரியவங்க நிக்குறாங்க" என்றாள். பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டாள். அதற்கும் சரி என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. நாலாவது மாடி என்று அடக்கிக்கொண்டேன்.

கீழே வந்ததும் அவள் கடைப்பக்கம் திரும்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைத் தாண்டி ஓட ஆரம்பித்தாள். என்னவோ ஏதோ என்று நானும் காவல்காரியும் பின்னால் ஓடினோம். எதிர்ச் சாலை நிறுத்தத்தில் அவள் வீட்டுக்காரர் ஓட்டுகிற பேருந்து அப்போதுதான் வந்து நின்றது. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் வேலை நேரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே நின்று, ஒப்பந்தத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "மூணு வருஷங்க!" என்று கத்தினாள்.

அந்த மனிதர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கை நீட்டி எஞ்சினை அணைத்தார். பேருந்து முழுவதும் சலசலத்தது. "என்னப்பா, வண்டி கெட்டுப்போச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவர் இருக்கையை விட்டு எழுந்து, பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். "வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்க. எங்க வீட்டம்மா ஜெயிச்சுட்டாங்க. ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க."