கதிரை கதைக்காது

மதியம் ஒன்றரை மணிக்குக் கத்தாரில் ஒரு பள்ளிக்கூட வாசலைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நூறு கார்கள் அசையாமல் நிற்கும், நூறும் ஓடிக்கொண்டிருக்கும். என்ஜினை நிறுத்தினால் ஏசி நின்றுவிடும். ஏசி நின்றால் உள்ளே இருக்கிற றைவர் பத்து நிமிடத்தில் பொரித்த மீன். இலங்கையில், எங்கள் ஊர்க் கல்முனையில், பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளை இரண்டு நாள் உருட்டிக்கொண்டு நின்றவன் நான். இங்கே எங்கும் போகாமல் நிற்பதற்கே பெற்றோல் எரிகிறது. கபீலின், அதாவது எனக்கு விசா தந்த முதலாளியின், பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்வரை என் வேலை அதுதான், காருக்குள் குளிர்ந்துகொண்டு இருப்பது.

அந்தக் காருக்குள்தான் நான் ஏழு மாதம் பௌதிகம் படித்தேன். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தில் தவறி, பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தவன் படித்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். வாசல் காவலாளியான சூடான்காரரும் நம்பவில்லை. ஒருநாள் கண்ணாடியைத் தட்டி, போனில் என்ன என்று கேட்டார். "பாடம்" என்று அரபியில் சொன்னேன். தலை குனிந்து அவ்வளவு நேரம் கேட்கிறானே, மார்க்கப் பாடமாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மறுநாளிலிருந்து எனக்குப் பேரீச்சம்பழம் வரத் தொடங்கியது. நான் திருத்தவில்லை. நல்ல பழம்.

என் தங்கச்சி ஹஸ்னாவுக்கு டொக்டராக வேண்டும். உயிரியலும் இரசாயனமும் அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஏ.எல். பரீட்சையில் பௌதிகம் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. டவுனில் பெரிய மண்டபத்து டியூஷனுக்குத்தான் போனாள். முந்நூறு பேர், மைக் பிடித்துப் படிப்பிக்கும் சேர், பெண் பிள்ளைகளுக்குக் கடைசி வாங்குகள். கரும்பலகை தெரியாது, சந்தேகம் கேட்டால் முந்நூறு தலையும் திரும்பும். அவள் கேட்கவே இல்லை. இனி மூன்றாவது தடவை. தேர்ட் ஷை என்றால் என்னவென்று ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதுதான் கடைசித் தடவை, அதற்குப் பிறகு கம்பஸ் கதவு, பல்கலைக்கழகக் கதவு, மூடிவிடும்.

வீட்டுக்கு வந்து தனியாகப் படிப்பிக்க ஒருவரைத் தேடினோம். உம்மா ஊரில் தேட, நான் காரில் இருந்து போனில் தேடினேன். சாய்ந்தமருதில் ஒரு டீச்சர் இருந்தார். அவருக்குப் பிள்ளை பிறந்து மூன்று கிழமைதான், வர முடியாது. மருதமுனையில் ஒருவர் பத்துப் பேரைச் சேர்த்துத் தந்தால் வருகிறேன் என்றார். கடைசியில் நற்பிட்டிமுனையில் றிஸ்வான் சேரைப் பிடித்தோம். பட்டம் முடித்தும் அரசாங்க வேலை கிடைக்காதவர். செயின் கழலும் சைக்கிளில் வருவார். ஆனால் பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது.

"கொமருப் புள்ள இரிக்கிற ஊடு மனே" என்றார் உம்மா. "வாப்பாவும் மௌத்தாகிட்டாரு. ஆம்புள சேர் வந்து படிச்சிக் குடுக்கக்குள்ள நம்முட ஆம்புள ஒராளு பக்கத்துல இரிக்கணும். இல்லாட்டி ஊரு வாயத் தொறக்கும்."

மாமாவை இருத்தினார்கள். முதல் நாள் குறட்டை, இரண்டாம் நாள் இன்னும் பெரிய குறட்டை, மூன்றாம் நாள் சவளக்கடை வயலில் வேளாண்மை வெட்டு என்று போய்விட்டார். அப்போதுதான் நான் சொன்னேன், "உம்மா, நான் இரிக்கன்." எங்கள் ஊர் நாலு மணி இங்கே ஒன்றரை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் சீனி டின், டின்னில் சாய்த்துவைத்த போன், போனுக்குள் நான். உம்மாவுக்குத் திருப்தி. மகன் வீட்டில் இருக்கிறான், தங்கச்சிக்குப் பக்கத்தில் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், இருக்கிறான்.

சும்மா இருந்தேனா? சேர் கப்பியில் பாரம் தொங்கவிட்டால் கயிறு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பேன். ஒருவன் நாலு மணித்தியாலம் சுவரைத் தள்ளுகிறான், சுவர் அசையவில்லை, ஆகவே செய்த வேலை பூச்சியம் என்று ஒருநாள் விளக்கினார்.

"அப்ப சேர், நானும் நாலு மணித்தியாலம் கார்ல குந்திக்கிட்டு இரிக்கன். அதுக்கு என்ன கணக்கு?"

"பௌதிகத்தின்ட படி நீங்க வேலையே செய்யல்ல தம்பி. உங்கட மொதலாளிக்கிட்ட செல்லிராதீங்க" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீங்க இஞ்ச கதிரைதானே? கதிரை கதைக்காது" என்றார். ஹஸ்னா சிரித்தாள். இரண்டு தடவை தவறிய பிறகு பௌதிகப் புத்தகத்துக்கு முன்னால் அவள் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். ஐந்தாம் மாதம் பழைய வினாத்தாள்களைத் தானே செய்து, சேர் திருத்த முன்பே பிழையைக் கண்டுபிடித்தாள்.

கதிரை கதைக்காமல் இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதல்ல. "சேர், ஓ.எல். ஃபெயில் ஆன நான் லேண்ட் க்ரூஸர் ஓட்றன். டிகிரி முடிச்ச நீங்க செயின் மாட்றீங்க. வாங்க சேர் இஞ்ச, விசா எடுத்துத் தாறன்" என்பேன். ஒரு நாள் அல்ல, வாரத்தில் மூன்று நாள். அவர் சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவார். பிறகு ஒரு புதன்கிழமை ஹஸ்னா தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரம், போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். சிரிப்பு இல்லை.

"தம்பி, நீங்க செல்ற விசா மெய்யா?"

பகிடி சேர் என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். பகிடிதான். ஆனால் ஒரு பட்டதாரி என்னிடம் கேட்கிறார். என் வாழ்க்கையில் எந்தச் சேரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, "எழும்பி வெளிய போ" என்பதைத் தவிர. "ஓம் சேர், மெய்தான்" என்றேன்.

கபீலின் தம்பியிடம் போனேன். என் அரபு சாலைக்கும் சமையலறைக்கும் போதும், பௌதிகத்துக்குப் போதாது. ஆள் படித்தவர், தண்ணீர், அமுக்கம், மின்சாரம், பாரம் தூக்குவது எல்லாம் தெரியும் என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். "இப்படி ஒருவரைத்தான் தேடுகிறேன்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. விசா வர ஆறு மாதம் ஆகும், அதற்குள் பரீட்சை முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்றே கிழமையில் வந்தது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. சேர் கொஞ்சம் பிந்தி வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். முதலாளி முகம் சுளிப்பார் என்று கேட்கவில்லை.

"போன்ல படிச்சித் தருவன் தங்கச்சி, ஒண்ணும் யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு சேர் விமானம் ஏறினார்.

அவருக்குக் கிடைத்தது பாலைவனத்துத் தோட்டம் ஒன்றில் தண்ணீர்ப் பம்புக்குக் காவல். நான் சொன்னதிலிருந்து அவர்கள் விளங்கிக்கொண்டது அதைத்தான். பம்ப் நின்றால் அதைத் திரும்ப ஓடவைக்க வேண்டும், மீதி நேரம் ஆடுகளைப் பார்க்க வேண்டும். சிக்னல் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் ஏறி நின்றால் ஒன்றிரண்டு கோடு விழும். வீட்டில் என் கதிரையில், போனுக்குள், இப்போது சேர். ஏணியில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக எப்படிக் கப்பி வரைவது? வாயால் வரைந்தார். ஹஸ்னா "சேர், விளங்கல்ல" என்பாள். காற்று இரையும். நாலாவது வெள்ளிக்கிழமை வெயில் தாங்காமல் மயங்கி ஏணியிலிருந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை. அதற்குப் பிறகு ஏறவில்லை. வேறு ஆட்களைத் தேடினோம். பரீட்சை கிட்டிய நேரத்தில் எவருக்கும் இடமில்லை. அவள் மறுபடியும் மண்டபத்துக் கடைசி வாங்குக்குப் போனாள்.

முடிவு வந்த அன்று நான் வழமையான நேரத்துக்கு அழைத்தேன். உயிரியலும் இரசாயனமும் நன்றாக வந்திருந்தன. பௌதிகம் போய்விட்டது. உம்மா அடுப்படியில் அழுகிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தேன். "சரி விடு, அந்தக் கப்பியில கயிறுதான் பழுது" என்றேன்.

ஹஸ்னா சிரிக்கவில்லை, அழவுமில்லை. "நீங்க கதிரையாவே இரிந்திரிக்கலாம் காக்கா" என்றாள்.

சேரிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு செய்தி வந்தது. தங்கச்சி பாஸா என்று. நான் இன்னும் பதில் எழுதவில்லை. அவர் இருக்கும் தோட்டம் அதிக தூரமில்லை, காரில் ஒன்றரை மணித்தியாலம். அதுவும் போகவில்லை.

இப்போது ஹஸ்னா பக்கத்து வீடுகளின் ஓ.எல். பிள்ளைகள் நாலு பேருக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். எல்லாரும் பெண்கள், படிப்பிப்பவளும் பெண். காவலுக்கு ஆள் தேவையில்லை. "இனி நீங்க இரிக்கத் தேவல்ல, வேலையப் பாருங்க" என்று அவளே சொன்னாள். பழக்கதோஷத்தில் ஒன்றரைக்கு நான் அழைப்பேன். அவள் அழைப்பை வெட்டமாட்டாள், பேசவும் மாட்டாள். பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பிள்ளை இருப்பதால் போனைப் பிரிஜ்ஜுக்கு மேலே மல்லாக்க வைத்துவிடுவாள்.

நேற்றும் சூடான்காரர் கண்ணாடியைத் தட்டினார். முன்போல் தலை குனிந்து கேட்பதில்லையே, பாடம் என்னாயிற்று என்றார். முடிந்துவிட்டது என்றேன். ஓதி முடித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு என் தலையில் கைவைத்து துஆச் செய்து, இரட்டிப்பாகப் பேரீச்சம்பழம் தந்தார். அவர் போன பிறகு மடியில் கிடந்த போனைப் பார்த்தேன். எங்கள் வீட்டு முகடும் அதில் சுற்றுகிற ஃபேனும் மட்டும் தெரிந்தன. ஹஸ்னாவின் குரல் எங்கோ கீழே கேட்டது. அங்கே ஃபேன் சுற்றுகிறது, காற்று எனக்கு வராது. இங்கே ஏசி முகத்தில் அடிக்கிறது, கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.