நீல டின்னின் மூடி

எங்கள் ஐஸ்பெட்டியின் மேல் ஒரு நீல பிஸ்கட் டின் இருக்கிறது. காலையில் தேத்தண்ணி கலக்கியதும் என் கை தானாக அங்கே போகும். மூடியைத் தொட்டால் போதும், திறந்துகொள்ளும். அதை யாரும் அழுத்தி மூடுவதில்லை. அதனால் பிஸ்கட் எப்போதும் நமத்துத்தான் இருக்கும். எனக்கு மிச்சமிருப்பது நாலைந்து பல், நமத்ததுதான் தோது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். "பல்லைப் பத்தியெல்லாம் எதுக்கு பாட்டி?" என்கிறாள். எழுதட்டும். இது அவள் அப்பாவின் கதை, அதாவது என் மாப்பிள்ளையின் கதை. நான் ஆறு வருடம் வாய் கூசாமல் சொன்ன பொய்யின் கதையும்தான்.

மாப்பிள்ளைக்கு சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த வேலை போனதை எங்களிடம் சொல்லாமல், தினமும் சட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் நிபோங் திபாலில், கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்த ஒரு அம்மாவின் தோள்பையை ஓடுகிற மோட்டாரிலிருந்து இழுத்தார். பையோடு அந்த அம்மாவும் இழுபட்டு ரோட்டில் விழுந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கிப்போயிற்று. பையில் இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடியும் மாத்திரையும்தான். மாப்பிள்ளை பிடிபட்டார். ஆறு வருடம் உள்ளே இருந்தார்.

பேத்திக்கு அப்போது மூன்று வயது. அப்பா எங்கே என்று அழுதவளிடம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். பிள்ளை வாயிலிருந்து அது எங்கள் சுங்கை பினாங் ஃபிளாட் முழுக்கப் பரவியது. லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல், அங்கே வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று நேரில் பார்த்தவள் மாதிரி அளப்பேன். தீபாவளி வந்தால் கடையில் இந்த நீல டின்களை வாங்கி, மாப்பிள்ளை அனுப்பினார் என்று வீடு வீடாகக் கொடுப்பேன். எதிர்வீட்டில் ஒரு சிலோன்கார டீச்சரம்மா இருந்தார். அவர் மட்டும் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அழகாக இருக்கிறது, அதனால் பார்க்கிறார் என்று எனக்குப் பெருமை.

மகள் வேலைக்குப் போய்விடுவதால் சிறைக்கு அதிகம் போனது நான்தான். நடுவில் கண்ணாடி, பேசுவதற்கு டெலிபோன். உட்காரும் நேரம் முழுக்க மாப்பிள்ளையின் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன், டின் கொடுத்த கதையைச் சிரிப்போடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அத்தை, அதை நிறுத்துங்க."

"புள்ளைக்காகத்தான் சொல்றேன் மாப்ளே. நீங்க என்ன கொலையா செஞ்சிட்டீங்க? ஒரு பையை இழுத்ததுக்கு இத்தனை வருஷமா? அநியாயம் லா."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "என் ரூம்ல ஒரு பெரியவர் இருக்காரு அத்தை. வழுக்கி விழுந்து கை ஒடஞ்சிருச்சு. நான்தான் பட்டன் போட்டு விடுறேன், சோறு பெசஞ்சு கொடுக்கிறேன். கால்சட்டை நாடாவைக் கட்டி விடும்போது மூஞ்சியைத் திருப்பிக்குவாரு, அழறதை நான் பார்க்கக்கூடாதாம். அந்த அம்மாவுக்கு யாரு கட்டி விடுறா? அவங்களுக்கு உங்க வயசு, அத்தை."

சாப்பாடு ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று பேச்சை மாற்றினேன். பஸ்ஸில் திரும்பும்போது என் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படியும் அந்தத் தீபாவளிக்கு டின் வாங்கினேன். சொன்ன பொய்யிலிருந்து இறங்குவதற்கு எனக்குப் படி தெரியவில்லை.

வெளியே வந்த மாப்பிள்ளையால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். ஆனால் வாசல் கதவு திறந்தே கிடந்தாலும் அதன் முன்னால் போய் நின்றுவிடுவார், யாரோ போகச் சொல்ல வேண்டும் என்பது போல. "போங்க மாப்ளே" என்றால்தான் காலை வெளியே வைப்பார். மகளையும் பேத்தியையும் உட்கார வைத்து, தான் செய்ததை ஒன்று விடாமல் அவரே சொன்னார். உள்ளே ரொட்டி போடக் கற்றிருந்ததால் ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்தது. அப்புறமும் நடை நிற்கவில்லை. "அந்த அம்மாவைப் பார்க்காம என்னால உட்கார முடியாது அத்தை" என்றார். வக்கீல் மூலமாகக் கேட்டனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து, தன் தம்பி வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார்.

கப்பலில் கடல் தாண்டி அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போய், அங்கிருந்து பஸ். மாப்பிள்ளை இப்போது மோட்டாரைத் தொடுவதே இல்லை. இடம் காலியாக இருந்தும் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது, மடியில் நீல டின் வைத்திருந்தேன். அந்த அம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை வளைந்துபோய் மடியில் கிடந்தது. தம்பி கேட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, யாரு விருந்தாளிங்க?" என்றாள்.

ஆறு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "என் மாப்பிள்ளைம்மா, சிங்கப்பூர்லருந்து வந்திருக்காரு" என்றேன்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "இவரு சிங்கப்பூர்ல இருந்தாருன்னா, என்னை ரோட்டுல இழுத்துப் போட்டது யாரு?"

மாப்பிள்ளை பேச வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தப் பொய் அவருடையதில்லை, என்னுடையது. வேலிப்பக்கம் திரும்பி, "நான் பொய் சொல்லிட்டேன்மா. இவரு ஜெயில்லருந்து வந்திருக்காரு. இந்த அம்மா கையை ஒடைச்சது இவருதான்" என்றேன். வெளி ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்த பிறகு அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நான்தாம்மா செஞ்சேன்" என்றார்.

நான் டின்னை நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. "என்னால இந்த மூடியைத் திறக்க முடியாது. எடுத்துட்டுப் போங்க." பிறகு மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிக்கிறதெல்லாம் எனக்கு இன்னும் வரல தம்பி. மேல தண்ணி டேங்க் கழுவணும், என் தம்பிக்கு இடுப்பு வலி, ஏற மாட்டான். அடுத்த ஞாயிறு வா. மோட்டார்ல வராதே, அந்தச் சத்தம் எனக்கு ஆகாது."

வீட்டுக்கு வந்ததும், தைரியம் ஆறிப்போவதற்குள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். டீச்சரம்மா கடைசி வரை கேட்டார். "எனக்கு முதல் தீபாவளியே தெரியும். பட்டர்வொர்த்தில செய்ததெண்டு டின்னுக்கு அடியில எழுதிக் கிடக்கு" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றால், "நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அதோட பிஸ்கட்டும் நல்ல பிஸ்கட்" என்கிறார்.

மாப்பிள்ளை இன்னமும் மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே போகிறார். டேங்க் எப்போதோ கழுவியாயிற்று. இப்போது போனதும் முதல் வேலை, அடுப்படியில் இருக்கும் ஊறுகாய் பாட்டில், மைலோ டின், எண்ணெய்ப் போத்தல், எல்லா மூடியையும் தளர்த்தி வைப்பதுதான். அந்த அம்மா மன்னித்தாரா என்று மாப்பிள்ளை சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் இன்னமும் நடக்கிறார், வாசலில் இன்னமும் நிற்கிறார். கை மட்டும் பழகிவிட்டது. இங்கேயும் எந்த மூடியையும் இறுக்குவதில்லை. மகள் திட்டுகிறாள், எறும்பு வருகிறதாம். வரட்டும். அன்றைக்குத் திரும்பி வந்த நீல டின்னை இதோ இன்று காலையும் ஒரு விரலால் திறந்தேன். பிஸ்கட் நமத்துத்தான் இருந்தது, இரண்டு சாப்பிட்டேன்.