உறைக்குள் போன மிருதங்கம்

தொண்ணூறுகளில் கோவையில் கச்சேரி வாசிக்கிறவனுக்கு ஒரு சங்கீத அரங்கம்தான் அளவுகோல். அங்கே ஒருமுறை வாசித்துவிட்டால் காரமடைத் தேரிலிருந்து காங்கேயத்துக் கல்யாணம் வரை கூப்பிட்டு அனுப்புவார்கள். நான் நான்கு வருஷம் அங்கே மிருதங்கம் வாசித்தேன். முதல் மூன்று வருஷமும் காலி நாற்காலிகளுக்கு.

கச்சேரி நடுவில் பாட்டையும் வயலினையும் நிறுத்திவிட்டு மிருதங்கத்துக்கு மட்டும் விடுகிற இருபது நிமிடம்தான் தனி ஆவர்த்தனம். அங்கே அது காபி நேரம். முதலில் எழுகிறவர் அரங்கத்தின் செயலாளர். அவர் பின்னாலேயே முன்வரிசை முழுக்கக் கேன்டீனுக்குப் போகும்.

மூன்றாம் வருஷம் என் மனைவி முதல்முறையாகக் கேட்க வந்தாள், கணபதியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தனியாக பஸ் ஏறி. நான் தனி ஆரம்பித்ததும் அவளைத் தாண்டிப் போன செயலாளர், யாரென்று தெரியாமல், அன்பாகக் குனிந்து சொல்லியிருக்கிறார்: "வாங்க அம்மணி, போண்டா சூடா இருக்குது. இந்தத் தட்டல் முடியறதுக்குள்ள வந்துபோடலாம்." வீட்டில் இதைச் சொல்லிவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி எனக்கு வேண்டாம், அந்த மனுஷன் ஒரு நாள் காலி நாற்காலிகளைப் பார்த்தால் போதும் என்று கறுவினேன்.

அடுத்த ஆண்டு விழாவில் வாய்த்தது. கடைசியில், மங்களம் பாடுவதற்கு முன்னால், செயலாளர் பேசுவது வழக்கம். நன்கொடை கொடுத்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பேச்சை ஒரு வாரமாக மனப்பாடம் செய்கிறார் என்று கேள்வி. மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே" என்றார். நான் மிருதங்கத்தை மெதுவாக உறைக்குள் போட்டேன்.

எங்கள் ஊர் ரசிகர்களில் பாதிப்பேர் மங்களத்தைக் காதால் அறிவதில்லை. மிருதங்கம் உறைக்குள் போனால் கச்சேரி முடிந்தது, அவ்வளவுதான். நாற்காலிகளுக்கடியில் கால்கள் செருப்பைத் தேடின. "உக்காருங்க, இன்னும் முடியலீங்க" என்று அவர் மைக்கில் கெஞ்சினார். பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டவர்களை யார் நிறுத்துவது? நன்கொடைக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். அவர் முகம் தொங்கிப்போனதைக் கண்கொட்டாமல் பார்த்தேன். இனித்தது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு மேடைக்குப் பின்னால் வந்தார். "மறந்துபோயி உறையைப் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பார், அடுத்த வருஷமும் கூப்பிட்டிருப்பார்.

"இல்லீங்க, தெரிஞ்சுதான் போட்டேன்" என்றேன்.

அதற்கப்புறம் அந்த மேடை எனக்கு இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.