நான்காவது ஆள்

என் மகளுக்குக் கடலூரிலேயே ஒரு வேலை வந்திருக்கிறது. பத்துப் பேர்கூட இல்லாத நிறுவனம். வேலை பிடித்திருக்கிறது என்கிறாள். ஆனாலும் இன்னும் பதில் சொல்லவில்லை. "பேரு சொன்னா யாருக்கும் தெரியாதும்மா" என்கிறாள். இதே பேச்சை ஒன்பது வயதில் நான் கேட்டிருக்கிறேன். அப்போது சொன்னவர் அப்பா.

அப்பாவின் தங்கை, என் அத்தை, சிதம்பரத்தில் வேதியியல் படித்து முடித்து வீட்டிலிருந்தாள். இறால் பண்ணைக் குளங்களின் தண்ணீரைப் பரிசோதிக்கும் சிறிய கூடம் ஒன்று அதே ஊரிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அப்பாவுக்குத் தயக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கே வேலை என்று கேட்டால் என்ன சொல்வது? நாளைக்கே மூடிவிட்டால்? அத்தை வாதாடவில்லை. "ஒரு தரம் வந்து பாருங்கண்ணா. வேணான்னா போகல" என்றாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதுபோல அப்பா கிளம்பினார். வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேரும் பஸ். துணைக்கு மாமா, அதாவது அம்மாவின் தம்பி. ஆனால் அப்பா, அத்தை, மாமா என்றால் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. எனவே எனக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை என்று முடிவானது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் வரை, மூன்று பேர் சீட்டில், நான்காவது ஆளாக அத்தையின் மடியில் உட்கார்ந்து போனேன்.

மருந்துக்கடை மாடியில் ஓர் அறை. இரண்டு மேஜை, கண்ணாடிக் குடுவைகள், அந்தக் கூடத்தை நடத்தும் அக்கா. வேறு யாரும் இல்லை.

"சொந்தக் கட்டடமா, வாடகைங்களா?" என்று அப்பா ஆரம்பித்தார்.

"வாடகைதாங்க."

"வேற யாரு வேலை செய்யிறாங்க?"

"ஒரு பையன் இருந்தான். போன வாரம் கடலூர்ல பெரிய ஃபேக்டரிக்குப் போயிட்டான். அவுங்க அப்பாவும் உங்கள மாதிரிதான் கேட்டாரு சார்."

"அப்படியே ஜாதகத்தையும் வாங்கிடுங்க" என்று மாமா அப்பாவின் காதில் முணுமுணுத்தார். அப்பா முறைத்தார்.

அப்போது ஒரு பண்ணைக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "அக்கா, எறாலு மூச்சுக்குத் தெணறி மேல வந்து நிக்குதுக்கா. சீக்கிரம் பாத்து சொல்லுங்க." அவர் பின்னாலேயே இன்னொருவர், கையில் இரண்டு பாட்டில்கள். அந்த அக்கா கேனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அத்தை யாரையும் பார்க்கவில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

வீட்டில் எதற்கும் அனுமதி கேட்கும் அத்தை, கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "வெளிச்சம் மறைக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மறைத்துக்கொண்டு நின்றது அப்பா. தள்ளி நின்றார். "உங்களுக்கு அப்புறம் இத யாரு..." என்று அந்த அக்காவிடம் அவர் தொடங்கியிருந்த கேள்வி அப்படியே நின்றது. குடுவையில் தண்ணீர் நிறம் மாறியது.

அந்த இடம் சில வருடங்களில், அப்பா பயந்தபடியே, மூடப்பட்டது. அதற்குள் எல்லா வேலையும் அத்தைக்குக் கைவந்திருந்தது. கூப்பிட்ட இடத்துக்குப் போனாள். என்னைப் படிக்க வைத்தவளும் அவள்தான். நன்றி என்று நினைத்தால் முதலில் அவள் முகம் வருகிறது. அடுத்து, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகம்.

அன்று மதியம் அப்பா கிளம்பலாமா என்று கேட்டபோது இன்னொரு கேன் வந்திருந்தது. "இத முடிச்சிட்டு ட்ரெயின்ல வந்துடறேண்ணா" என்றாள் அத்தை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "நம்ம ஊரு ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறேன்" என்றார்.

திரும்பும்போது அதே மாதிரி மூன்று பேர் சீட்டு. எனக்கும் ஜன்னலோரம் தாராளமாக இடமிருந்தது.

"அப்பா, இப்ப நாம மூணு பேருதான் போறோம்."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். "கம்முனு வா" என்றார் அப்பா.

அப்பா ஆளை எண்ண மறந்துவிட்டார் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.