மோட்டார் விழுங்கிய சிம்பொனி

தர்மாம்பாளுக்கு எதையும் நடுவிலிருந்து தொடங்கினால் பிடிக்காது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்திருக்கும் வயலுக்கும் தலைமடையிலிருந்துதான் தண்ணீர் விடுவாள். அப்படிப்பட்டவளிடம், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் செழியன் போனில் சொன்னான்.

"பிராம்ஸ்னு ஒருத்தரும்மா. நாலு சிம்பொனி எழுதியிருக்காரு. நீ ரெண்டாவதுல ஆரம்பி, இதமா இருக்கும்."

"ஏன், ஒண்ணாவதுக்கு என்ன கேடு?"

"அது கொஞ்சம் கனமா இருக்கும்மா."

"நான் தூக்காத கனமா?" என்று ஒன்றிலேயே தொடங்கினாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சிம்பொனியும் வேண்டாம், ஒரு சுண்டைக்காயும் வேண்டாம். மகனோடு பேச ஏதாவது வேண்டும். அவன் போன புதிதில் அரை மணி நேரம் ஓடிய பேச்சு, இப்போது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதுவும் நின்றுபோய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

வீட்டில் டவர் எடுக்காது. வயலில் மோட்டார் கொட்டகை மேட்டில்தான் எடுக்கும். அதனால் மகன் பேச்சும் அங்கேதான், பிராம்ஸும் அங்கேதான். மும்முனை கரண்ட் பகலில் கொஞ்ச நேரம்தான் வரும். அந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்துகிறவரை ஊரில் பைத்தியம் என்பார்கள். ஆக, போர்வெல் தண்ணீர் ஒரு பக்கம் கொட்ட, பிராம்ஸ் இன்னொரு பக்கம் முழங்கினார்.

ஒரு வாரம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"ஏன் தம்பி, அந்த மனுசனுக்கு அப்படி என்ன கோவம்? திடீர்னு சத்தம் போடுறாரு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம கெடக்குறாரு. மறுபடியும் சத்தம்."

செழியன் என்னவோ சொன்னான். மோட்டார் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. "சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

மறுநாளும் விடாப்பிடியாகப் போட்டாள். பிராம்ஸ் முழங்கி ஓய்ந்து, மூஞ்சியைத் தூக்கிக்கொண்ட நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

போனுக்குள் பிராம்ஸ் பேசிக்கொண்டிருந்தார். ஒற்றை வயலின் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல் தணிந்து போய்க்கொண்டிருந்தது. மனுஷன் ஒரு நாளும் பேசாமல் இருக்கவில்லை. இத்தனை நாளும் மோட்டார்தான் விழுங்கியிருக்கிறது. வீணாக ஒருவரைக் கோபக்காரர் என்று சொல்லிவிட்டோமே என்று தர்மாம்பாளுக்கு வெட்கமாகிவிட்டது.

அது முடியவும் கரண்ட் வந்தது. மோட்டாரைப் போட்டாள். போனும் அடித்தது.

"சாப்பிட்டேம்மா," என்று அவள் கேட்பதற்கு முன்பே கத்தினான் செழியன். அதற்குப் பிறகும் ஏதோ முணுமுணுப்பதுபோல் இருந்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உரக்கப் பேச வராது. அது நினைவுக்கு வந்ததும் விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய் மோட்டாரை நிறுத்தினாள்.

"என்னக்கா, கரண்ட் இருக்கையிலயே நிறுத்திட்டீங்க?" என்றார் பக்கத்து வயல் செல்லதுரை. அவரைக் கையமர்த்தினாள்.

"இப்ப சொல்லு தம்பி. இவ்வளவு நாளா நீ என்ன சொல்லிக்கிட்டிருந்தே?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலம்மா."

வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்தாள் தர்மாம்பாள்.

"ஒண்ணுலேருந்து ஆரம்பி."