கந்தோருக்கு நாங்கள் வைத்த செக்கிங்

நாங்கள் இந்தியாவில் இருந்து திரும்பி வந்து மூன்றாவது மாரி அது. மன்னார்த் தீவைத் தாண்டித் தெற்கே கரையோரமாகப் போகிற வீதியில் எங்களுக்கு வீட்டுத்திட்டம் கொடுத்திருந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த இருபத்தாறு வீடுகள். இருக்கிற அத்தனை பேரும் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வந்தவர்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர் எங்கள் இடத்துக்கு வைத்த பெயர் 'இந்தியாக் குடியிருப்பு'. கேட்க எரிச்சலாக இருந்தாலும் அது பொய் இல்லை. ஏழு வயதில் அப்பாவின் தோளில் இருந்தபடி படகேறிப் போனவள் நான். திரும்பி வரும்போது இருபத்தொன்பது. என் தங்கை முகாமிலேயே பிறந்தவள்.

முகாமில் வளராதவர்களுக்கு ஒரு விஷயம் விளங்காது. அங்கே எங்களுக்கு இருந்த ஒரே கட்டளை, பதிவுக் கொப்பி வந்தால் கையெழுத்துப் போடு என்பதுதான். மாதத்தில் ஒருநாள் செக்கிங். அதிகாரி மேசை போட்டு உட்காருவார். குடும்ப இலக்கத்தைக் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும், கையெழுத்து விழ வேண்டும். நிற்காவிட்டால் பெயரை வெட்டி விடுவார்கள், பிறகு அரிசியும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்து கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. காய்ச்சலில் கிடந்தவர்களைக் கதிரையோடு தூக்கிக் கொண்டு வந்ததும் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவர் முதுகில் இடிப்பார்.

இந்தப் பழக்கதோஷத்தை நாங்கள் சாமான் பெட்டிகளோடு சேர்த்துக் கடல் கடந்து கொண்டுவந்து விட்டோம்.

எங்கள் குடியிருப்பின் முகப்பிலேயே ஒரு கிளினிக் கட்டிடம் இருந்தது. மஞ்சள் சுண்ணாம்பு, நீலக் கதவு, திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல். திறப்பு விழா அன்று கேக் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறந்ததை யாரும் காணவில்லை. மன்னாரின் கழுதைகள்தான் மழைக்கு அதன் விறாந்தையில் ஒதுங்கும். மருந்துக்கு வந்த வருத்தக்காரர் நாங்கள் வெளியே, கழுதைகள் உள்ளே என்று பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தோம். அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது.

தங்கைக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். மூன்றாம் மாதம் பஸ் ஏறித் தூரத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே அவளின் அட்டையைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயர் உங்கள் ஊர்க் கிளினிக்குக்கு மாறிவிட்டது, இனி அங்கே காட்டுங்கள் என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். ஊர்க் கிளினிக்கில் கழுதை நின்றது. சரி, வருவார்கள்தானே என்று இருந்துவிட்டோம்.

மாதக் கடைசியில் மட்டும் சுகாதாரக் கந்தோரில் இருந்து ஒரு அலுவலர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஐம்பது வயது மதிக்கத்தக்க, மரியாதையாகப் பேசுகிற மனிதர். கையில் ஒரு தடித்த பதிவேடு. வேலியடியில் நின்றபடி அதை விரித்து, "இதில ஒரு ஒப்பம் வையுங்கோ அக்கா, இதிலயும்" என்று விரலால் காட்டுவார். கறி அடுப்பில் இருக்கும். நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, எனக்கும் போட்டு, படுத்திருக்கும் தங்கைக்கும் சேர்த்துப் போட்டுவிடுவேன். முகாமில் குடும்பத்துக்கு ஒருவர் போட்டால் போதும் அல்லவா? ஐந்து மாதம் அப்படிப் போட்டேன். ஒருமுறைகூட ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். வாசிக்கத் தெரியாமல் இல்லை.

எட்டாம் மாதம் தொடங்கியபோது தங்கையின் கால் வீங்கியது. பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்குவது வழமை என்று சொன்னது நான்தான். பிறகு முகம் வீங்கியது. ஒரு காலை, தலை வெடிக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளின் கணவர் தொழிலுக்குக் கடலுக்குப் போயிருந்தார். ஓட்டோ பிடித்து, குண்டும் குழியுமான அந்த வீதியில் அவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த மாதாக்கள் எல்லோரையும் கூப்பிட்டபடி மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே பிறஷர் பார்த்த மிஸ்ஸியின் முகம் மாறியதை இப்போதும் நான் காண்கிறேன். இரண்டாம் முறையும் பார்த்தார். ஒரு தாதி டொக்டரைக் கூப்பிட ஓட, மற்றவர் தங்கையின் அட்டையைப் புரட்டினார். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வெறுமை. உடனே எங்கள் பகுதிக் கந்தோருக்குப் போன் போட்டு விசாரித்தார். போனைக் காதில் இருந்து எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு மாதமும் கிளினிக்குக்கு வந்திருக்கிறா, பிறஷர் எல்லாம் நோமல் எண்டு எழுதியிருக்காம். ஒவ்வொரு மாதமும் ஒப்பமும் இருக்காம். பிறகென்னண்டு இப்பிடி வந்தது?"

அந்த ஒப்பம் என்னுடையது.

கிளினிக்கே நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் நடந்தது என்று ஐந்து முறை எழுதிக் கொடுத்தவள் நான்தானே! மோட்டார் சைக்கிள்காரரின் விரல் பட்ட இடமெல்லாம் நான் என் தங்கையின் உயிருக்குக் குழி தோண்டியிருக்கிறேன் என்று அந்த நிமிடம் விளங்கியது. அவர் மேல் வந்த கோபத்தைவிட என் கையின் மேல் வந்த கோபம் பெரிது.

கால் மணி நேரத்துக்குள் தங்கைக்கு வலிப்பு வந்தது. கட்டில் ஆடியது. என்னை வெளியே தள்ளித் திரை இழுத்தார்கள். பிறகு ஒரு மிஸ்ஸி தாள் ஒன்றோடு ஓடி வந்தார். உடனே ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுக்க வேண்டும், சொந்தக்காரர் ஒப்பம் வைக்க வேண்டும் என்றார். பேனையை வாங்கினேன். கை வழக்கம்போலக் கீழ்க் கோட்டுக்கு ஓடியது. ஓடிய கை நின்றுவிட்டது.

"கெதியா வையுங்கோ அம்மா" என்றார் அவர்.

"வாசிச்சிட்டு வைக்கிறன் மிஸ்" என்றேன். அரை நிமிடம் பிடித்திருக்கும். கண்ணீரில் எழுத்துக் கலங்கக் கலங்க, விரல் வைத்து முழுக்க வாசித்தேன். என் வாழ்க்கையிலேயே வாசித்துவிட்டு நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

தங்கை பிழைத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் என்னை அடையாளம் கண்டாள். பிள்ளை கைப்பிடி அளவில், கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு கிழமை கிடந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர்களுக்கு நான் செத்தாலும் நன்றி மறக்க மாட்டேன். பெட்டிக்கு வெளியே நின்ற அந்த நான்கு கிழமையும் எனக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசி வரட்டும்.

வந்தது. மோட்டார் சைக்கிளும் வந்தது. அவர் விரிக்க முன்னமே பதிவேட்டை வாங்கி, கல்லில் குந்தியிருந்து பக்கம் பக்கமாக வாசித்தேன். எங்கள் இருபத்தாறு வீட்டுக் கர்ப்பிணிகளும் கிழவர்களும் அதில் மாதம் தவறாமல் வைத்தியம் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பிறஷர், 110/70. எண்பது வயதுக் கிழவருக்கும் அதேதான். செத்து மூன்று மாதமான ஒருவருக்குக்கூட நோமல்! சுற்றி நின்ற பெண்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார்கள். அடுத்த பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தி போனை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தாள்.

அந்த மனிதர் வியர்த்துப் போனார். "அக்கா, மேல சொல்லுறதைத்தான் நான் செய்யிறன். ஒப்பம் இல்லாமல் போனா என்னைத்தான் கேப்பினம்" என்றார்.

"கேக்கட்டும். கதவைத் திறந்தா ஒப்பம் வரும் எண்டு போய்ச் சொல்லுங்கோ" என்று பதிவேட்டை மூடிக் கொடுத்தேன். அன்று எங்கள் குடியிருப்பில் ஒரு கையெழுத்தும் விழவில்லை.

ஆனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு மாமி வந்துவிட்டா. "கவுண்மேந்தோட கொழுவாதை பிள்ளை. வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரேல்லை. பேரை வெட்டினா எங்க போறது? திரும்பவும் வள்ளமோ?" என்று கேட்டா. அந்தக் கேள்வியில் பிழை இல்லை. இருபத்திரண்டு வருடம் பெயர் வெட்டப்படும் பயத்தில் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் சொன்னேன்: "அங்க நாங்கள் அகதி மாமி, வெட்டலாம். இது எங்கட நாடு. இஞ்ச வெட்டுறதெண்டா என்ன காரணமெண்டு எழுதித் தரவேணும்."

பூனைக்கு மணி கட்டுவது எப்படி என்று யோசித்தபோது எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் வந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செக்கிங். அதையே திருப்பி வைத்தால் என்ன?

அடுத்த மாதம் முதல் செவ்வாய், பத்தொன்பது பெண்கள் முதல் பஸ்ஸில் சுகாதாரக் கந்தோருக்குப் போனோம். சத்தம் போடவில்லை, பதாகை பிடிக்கவில்லை. முகாமில் நிற்பதுபோல வீட்டு இலக்கப்படி வரிசையாக விறாந்தையில் நின்றோம். பயந்த மாமிதான் முதல் ஆள், அவவின் வீடு ஒன்றாம் இலக்கம். என் கையில் புதிதாக வாங்கிய தடித்த மட்டைச் சீ.ஆர். கொப்பி ஒன்று. பொறுப்பான பெரிய டொக்டர் வெளியே வந்து, "என்ன பிரச்சினை? ஆர் உங்கட தலைவி?" என்று கேட்டார்.

"தலைவி இல்லை ஐயா. செக்கிங்குக்கு வந்தனாங்கள்" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். நான் கொப்பியை விரித்துக் கூப்பிடத் தொடங்கினேன். கிளினிக் டொக்டர்? பதில் இல்லை, போட்டேன் 'வரவில்லை'. பிரசவம் பார்க்கிற குடும்பநல மாது? வெற்றிடம் என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது, அதையும் எழுதினேன். வாகனம்? பழுது. கிளினிக் கதவின் திறப்பு? அந்தச் சாவி மேசை லாச்சிக்குள் இருக்கிறதாம். எல்லாவற்றையும் எழுதி, கீழே கோடு போட்டு, கொப்பியை அவரிடம் நீட்டினேன்.

"இதில ஒரு ஒப்பம் வையுங்கோ ஐயா."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "என்னட்டை ஒப்பம் கேக்க உங்களுக்கு என்ன அதிகாரம்?"

நீட்டிய கொப்பியை நான் மடக்கவில்லை. "ஏழு வயசில இருந்து மாசாமாசம் ஒப்பம் வைச்சுத்தான் நாங்கள் உயிரோட இருக்கிறம் எண்டு காட்டினனாங்கள். ஒருக்கா நீங்கள் காட்டுங்கோ. என்ரை தங்கச்சி உங்கட பதிவேட்டில நோமல். அவவுக்கு வலிப்பு வந்து கட்டில் ஆடினதை நான் பாத்தனான்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார். நாங்களும் விடவில்லை. கிளினிக் நடந்த திகதிகளை எழுத்தில் தரும்படி தகவல் கேட்கும் சட்டப்படி ஒரு கடிதம் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை குத்தச் சொல்லி, நகலை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினோம். நடந்தது என்று எழுதினால் எங்கள் போனில் செத்தவரின் பிறஷர் இருக்கிறது. நடக்கவில்லை என்று எழுதினால் அதுவே போதும். அடுத்த மாதமும் அதே செவ்வாய், அதே வரிசை, அதே கொப்பி. ஆள் கூடி இருபத்து நான்கு. தொழில் இல்லாத நாளாக இருந்ததால் சில ஆண்களும் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

மூன்றாம் மாதம் எங்கள் கடிதத்துக்குப் பதில் வந்தது. ஆளணிப் பற்றாக்குறையால் கிளினிக் நடைபெறவில்லை என்று ஒரே ஒரு வரி. அதே கிழமை நீலக் கதவு திறந்தது. கழுதைச் சாணம் அள்ள நாங்களும் கூட நின்றோம். அயல் பிரிவின் குடும்பநல மாதுவை மாதத்தில் இரண்டு செவ்வாய் எங்களுக்கு விட்டார்கள். ஐந்து ஊருக்கு ஒரு ஆளாக ஓடித் திரிகிற பிள்ளை அது. பாவம்தான். ஆள் இல்லை என்பதைச் சொல்லலாம், அதற்காகச் சேர்ந்து அழவும் நாங்கள் தயார். 110/70 என்று எழுதியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெரிய டொக்டர் கடைசியில் எங்கள் கொப்பியில் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்பீர்கள். போட்டார். ஐந்தாம் மாதம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் இருந்து கடைசிவரை வாசித்துவிட்டுப் போட்டார். எனக்குப் பிடித்தது அதுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் மாது வருவதில்லை. மருந்து சில வேளை இருக்கும், சில வேளை வெளியே வாங்கச் சொல்வார்கள். வீட்டு உறுதிக்காக இப்போது வேறொரு கந்தோர் வாசலில் நிற்கிறோம், வேறொரு கொப்பியோடு. முதல் கொப்பியில் 'வரவில்லை' என்று எழுதிய செவ்வாய்கள் கிடக்கின்றன. தங்கையின் மகளுக்கு இப்போது நான்கு வயது. அதே கொப்பியின் பின்பக்கத்தில்தான் பென்சிலால் கோழி கீறுகிறாள்.

இன்றும் யாராவது ஒரு தாளை நீட்டினால் என் கை தன்பாட்டில் ஈரத்தைத் துடைக்கத் தொடங்கும்; அந்தக் கையை மடியில் இருத்திவிட்டு, நீட்டியவர் நிற்கட்டும் என்று, மேல் வரியில் இருந்து வாசிக்கத் தொடங்குவேன்.